ஒரு விண்ணப்பத்தின் வரலாறு

நோய் வருவது ஒரு துன்பம். அந்நோய் தீரச் செலவிட்ட பொருளை மீளக் கேட்டுப் பெறுவது மற்றொரு துன்பம். முன்னதனை மக்கள் யாவரும் அறிவர். பின்னதனை நன்கு அறிந்தோர் அரசுப் பணியாளரும் அவர்தம் மனைவி மக்களுமே ஆவர். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்வோன் என நான்கினை மருத்துவத்தின் கூறுகளாக வகுத்துரைத்தனர். அப்பெரியார் இக்காலத்து வாழ்ந்திருப்பின், பட்டியலைச் சரிபார்ப்போன் என ஐந்தாம் கூறு ஒன்றனையும் சேர்த்திருப்பாரோ என்று யான் சிற்சில வேளைகளில் எண்ணி நகைத்ததுண்டு. அந்நகைப்பு எளிதில் வந்ததன்று. ஒன்றரை ஆண்டுக் காலம் எம் இல்லத்தில் ஒரு கோப்பு, குடும்பத்தில் ஒருவரைப் போலவே எம்மோடு வாழ்ந்தது. அதன் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன். தமிழிலக்கியம் பயிலும் மாணவன் எழுதத்தக்க பொருளோ இது என்று வினவும் நண்பர்க்கு ஒன்று கூறுவேன்: யான் இதுகாறும் எழுதியவற்றுள் பயன் கருதி முனைந்தெழுதியது அவ்விண்ணப்பமே, என் தமிழ் முதன்முதல் தலை குனிந்ததும் அதன்கண்ணேயாம்.

எந்தையார் கல்வித்துறை அலுவலகம் ஒன்றில் உதவியாளர். ஆசிரியர்களின் சம்பளம், விடுப்பு, மருத்துவச் செலவு முதலியன பற்றிய கோப்புக்களைப் பார்த்து எழுதுவதே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்துவந்த தொழில். விதிப் புத்தகம் அவருக்கு வேதப் புத்தகத்திற்கு அடுத்தபடியானது. பக்கத்தைப் புரட்டாமலே அரசாணையின் எண்ணையும் நாளையும் சொல்லுவார். ஒரு கையொப்பம் குறைந்திருப்பினும் தாளைத் திருப்பியனுப்பிவிடுவார். 'விதி எல்லார்க்கும் ஒன்று. முகம் பார்த்து வளையும் விதி விதியன்று' என்பது அவர் எம் சிறுபருவத்திலேயே எமக்குப் புகட்டிய பாடம்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஓரிரவு, உணவருந்தி எழுந்தவர் நெஞ்சைப் பற்றிக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். வியர்வை ஆறாக ஒழுகியது. இடக்கை கனக்கிறது என்றார். எம் ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூர். அரசின் காப்பீட்டுத் திட்டத்துப் பட்டியலில் பெயர் ஏறிய மருத்துவமனை எம் ஊரிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பட்டியலில் இல்லாத தனியார் மருத்துவமனையொன்று எட்டுக் கிலோமீட்டரில் இருந்தது. அடுத்த வீட்டு அண்ணாச்சி தம் காரைக் கொணர்ந்தார். எங்குச் செல்வது என்று எவரும் கேட்கவில்லை. கார் அண்மையிலிருந்த இடத்திற்கே சென்றது.

மாரடைப்பென மருத்துவர் உடனே கண்டார். இதயத்தின் குருதிக்குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. இத்தகைய நோயாளி மருத்துவமனை வாயிலை அடைந்த 90 நிமிடங்களுக்குள் அவ்வடைப்பை நீக்குதல் வேண்டும் என்பது மருத்துவ அறிஞர் வகுத்துள்ள அளவு. காலம் செல்லச் செல்ல இதயத்தின் தசை மாண்டுகொண்டே போகும். அவ்விரவே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து 'ஸ்டென்ட்' என்னும் நுண்ணிய வலைக்குழாயைப் பொருத்தினர். ஆறாம் நாள் எந்தையார் நடந்து வெளியே வந்தார். கர்த்தருக்குத் தோத்திரம் செலுத்தி முடிக்குமுன் பட்டியல் எம் கைக்கு வந்தது: 2,46,000 ரூபாய். அன்னையார் தம் வளையல்களையும் சங்கிலியையும் வங்கியில் அடகு வைத்து 1,80,000 ரூபாய் பெற்றார். எஞ்சியது எந்தையாரின் சேமிப்பிலிருந்து சென்றது. அச்சேமிப்பு என் கல்லூரிப் படிப்பிற்கென ஒதுக்கி வைத்தது என்பதை யான் பின்னரே அறிந்தேன்.

இவ்விடத்து அரசின் ஏற்பாட்டைச் சிறிது விளக்குதல் வேண்டும். பணியாளர் நோயுற்றால் அதன் செலவை அரசு ஏற்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உள்ளது. மைய அரசுப் பணியாளர்க்குரிய மருத்துவ உதவி விதிகள் 1944ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றன. 1954இல் தில்லியில் மைய அரசின் சுகாதாரத் திட்டம் தொடங்கிற்று. தமிழ்நாட்டரசு தன் பணியாளர்க்கென 2008இல் காப்பீட்டு முறையைக் கொணர்ந்தது. எந்தையார் நோயுற்ற காலத்தில் நடைமுறையிலிருந்தது 2021 ஜூலை முதல் நாளில் தொடங்கி நான்காண்டிற்கென வகுக்கப்பெற்ற திட்டம். சம்பளத்தினின்று திங்கள்தோறும் 300 ரூபாய் பிடிக்கப்படும்; நான்காண்டிற்குக் குடும்பமொன்றிற்கு ஐந்து இலக்கம் வரையும், குறித்த சில கொடு நோய்களுக்குப் பத்து இலக்கம் வரையும் செலவு ஏற்கப்படும். பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குச் சென்று அட்டையைக் காட்டினால் நோயாளி கையிலிருந்து பணம் கட்டாமலே மருத்துவம் பெறலாம் என்பது அதன் சிறப்பு.

பட்டியலில் இல்லாத இடத்திற்குச் சென்றார்க்கே இடர் தொடங்குகின்றது. அவசர நிலையா, அன்றா? அவசரமாயின் அதற்குச் சான்று யாது? பட்டியலிலுள்ள இடத்திற்குச் சென்றிருக்கலாகாதா? கொடுத்த தொகை அரசு வகுத்த வீதத்திற்கு மேற்பட்டதா? இந்நான்கு வினாக்களைச் சுற்றியே பெரும்பாலான வழக்குகள் எழுகின்றன.

எம் விண்ணப்பம் முதன்முறை திரும்பி வந்தது நவம்பரில். மருத்துவரின் பதிவெண் ஓரிடத்தில் விடுபட்டிருந்ததாம். அதனை நிரப்பி அனுப்பினோம். மறுமுறை திரும்பியது எந்தையாரின் தலைப்பெழுத்து மருத்துவமனைப் பட்டியலில் ஒருவாறும் பணிப் பதிவேட்டில் வேறொருவாறும் இருந்தமையால். அதனையும் திருத்தினோம். டிசம்பர்த் திங்கள் இறுதியில், கிறிஸ்து பிறந்த நாள் கழிந்த மறுவாரம், மறுப்பாணை வந்தது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் மருத்துவம் பெற்றமையானும், பட்டியலிலுள்ளதனைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தமையானும், கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பது அதன் பொருள். கையொப்பத்தையும் முத்திரையையும் சேர்த்து ஆறு வரிகள்.

எந்தையார் அதனை இருமுறை படித்து மடித்து வைத்தார். 'விதிப்படிதான் எழுதியிருக்கிறார்கள்' என்று மட்டும் கூறினார். எனக்கோ உள்ளம் கொதித்தது. யான் அந்நாளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். பள்ளியில் கட்டுரைப் போட்டிகளிற் பரிசு பெற்று, தமிழால் ஆகாதது ஒன்றில்லை என்னும் செருக்கோடிருந்தேன். 'அப்பா, மேல்முறையீட்டை நான் எழுதுகிறேன்' என்றேன். அவர் மறுக்கவில்லை.

எழுதுமுன் முற்றீர்ப்புக்கள் பலவற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க நம்பிக்கை வளர்ந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநிலக் காவல் அதிகாரி ஒருவரின் வழக்கைத் தீர்த்தது. அவர் இங்கிலாந்து சென்றிருந்தபோது இதயநோய் கண்டு, லண்டனிலேயே அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். தன்னுயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. உயிர் ஊசலாடும்போது நாடு திரும்பி வரிசையில் நின்றிருத்தல் வேண்டுமென எதிர்பார்த்தலாகாது என்னும் கருத்துப்பட நீதிபதிகள் உரைத்து, தில்லியின் தனியார் இதய மருத்துவமனை ஒன்றின் வீதத்தில் அவர்க்குத் தொகை வழங்கச் செய்தனர். 2018 ஏப்பிரலில் ஓய்வு பெற்ற மைய அரசு அலுவலர் ஒருவரின் வழக்கில் அந்நீதிமன்றம் இன்னும் தெளிவாகக் கூறிற்று: மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்பது ஒன்றே மறுப்பிற்குக் காரணமாகாது, மருத்துவம் உண்மையில் செய்யப்பட்டதா, அதற்கு ஆவணம் உண்டா என்பனவே பார்க்கத்தக்கவை.

மறுபக்கமும் ஒன்றுண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று. 1998இல் அதே நீதிமன்றம் பஞ்சாப் அரசின் கொள்கையொன்றை ஆராய்ந்து, பணியாளர் எந்த மருத்துவமனைக்குச் செல்லினும் கேட்ட தொகை முழுவதையும் அரசு கொடுக்கக் கடமைப்பட்டதன்று. தன் பொருள்நிலைக்கேற்ப வீதம் வகுத்துக்கொள்ள அதற்கு உரிமையுண்டு எனத் தீர்ப்பளித்தது. யான் அன்று இத்தீர்ப்பைப் படித்துவிட்டு என் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டேன். என் பக்கத்திற்குப் பயன்படாததை ஏன் எழுதுவது என்று நினைத்தேன். சிறு பிழை அங்கே தொடங்கிற்று. பெரும் பிழை அடுத்து வந்தது.

மறுப்பாணையில், தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தது என்பதன்றோ முதன்மையான காரணம்? நோயாளி நினைவிழந்திருந்தார் எனின் அக்காரணம் அடியோடு வீழும் என்று கண்டேன். ஆதலின், 'நினைவு முற்றும் தவறிய நிலையில், அயலார் சிலர் என் உடலைத் தூக்கிச் சென்று அண்மையிலிருந்த மருத்துவமனையிற் சேர்த்தனர்' என எழுதினேன். அவ்வரியை எழுதியபோது என் கை நடுங்கவில்லை, பெருமிதமே கொண்டேன். விண்ணப்பம் முழுவதையும் செவ்விய எழுத்தில் படியெடுத்து, கையொப்பத்திற்காக எந்தையாரிடம் கொடுத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து மெல்லப் படித்தார். அவ்வரி வந்ததும் விரல் நின்றது. 'தம்பி, நான் நினைவோடுதானே இருந்தேன்? காரில் ஏறும்போது உன் அம்மாவிடம் அடுப்பை அணைக்கச் சொன்னது உனக்கு மறந்து போயிற்றா?' என்றார்.

'எனக்கு மறக்கவில்லை அப்பா. ஆனால் உள்ளபடி எழுதினால் பணம் வராது. அது நமக்கு உரிய பணந்தானே? திங்கள்தோறும் பிடித்தார்களே? உண்மையான செலவைப் பெறுவதற்கு ஒரு சொல்லை மாற்றினால் என்ன?' என்றேன்.

அவர் சினக்கவில்லை. சினந்திருப்பின் எனக்கு எளிதாயிருந்திருக்கும். நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர்ச் சொன்னார்: 'இருபத்தைந்து ஆண்டு இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பொய் எழுதிக் கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களால்தான் உண்மை சொல்லுகிறவனையும் நாங்கள் நம்பாமல் போனோம். நான் அவர்களில் ஒருவனாக வேண்டாம்.'

அவ்விரவு அவரே எழுதினார். ஒரு பக்கத்திற்கு மேற்படவில்லை. நோய் கண்ட நேரம், இரு மருத்துவமனைகளின் தொலைவு, மருத்துவர் குறித்த நேரம் என்பவற்றை எழுதிவிட்டு, தாம் நினைவுடன் இருந்ததாகவும், ஆயினும் அவ்வேளையில் பட்டியல் தமக்கோ தம் குடும்பத்தார்க்கோ நினைவிற்கு வரவில்லை என்றும் எழுதினார். யான் ஒதுக்கிவிட்ட 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பையும், யான் சொன்னபின், அவரே கேட்டு வாங்கிச் சேர்த்து, அரசு வகுத்த வீதத்தின் அளவாவது தமக்குத் தருக என்று முடித்தார். அன்னையார் அதனைக் கேட்டுப் பெருமூச்செறிந்தார். வளையலற்ற அவர் கைகளைப் பார்க்க எனக்குக் கூசிற்று. எந்தையாரின் நேர்மைக்கு விலை கொடுப்பவர் அன்னையாரே என்னும் எண்ணம் எழுந்து, நெடுநாள் என்னை விட்டு நீங்கவில்லை. இன்றும் அவ்வெண்ணத்தை யான் முற்றும் மறுத்துவிட்டேன் எனச் சொல்லுதற்கில்லை.

2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு விசாரணைக்கு அழைப்பு வந்தது. யானும் உடன் சென்றேன். காலை பத்து மணிக்கு அழைத்தவர்கள் மாலை மூன்று மணிக்குப் பெயரைக் கூப்பிட்டனர். அதுவரை தாழ்வாரத்து விசிப்பலகையில் அமர்ந்திருந்தோம். எம்மருகே இருந்த முதியவர் ஒருவர் தாளுறையொன்றை மடிமீது வைத்துக்கொண்டு ஓயாது தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். எந்தையார் அவரையே நோக்கியிருந்தார். பின்னர் மெல்லிய குரலில், யான் கேளாமலே, பழைய செய்தியொன்றை எனக்குச் சொன்னார்.

ஏறக்குறைய 2015ஆம் ஆண்டில், சிறுநீரகம் பழுதுற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் மருத்துவப் பட்டியல் அவர் மேசைக்கு வந்ததாம். முதன்முறை மருத்துவரின் கையொப்பம் ஒரு தாளில் இல்லை, திருப்பினார. மறுமுறை நாட்குறிப்பு முரண்பட்டது, திருப்பினார். மூன்றாம் முறை இருபடி வைக்கவேண்டிய இடத்தில் ஒருபடியே இருந்தது; திருப்பினார். மூன்று குறைகளும் முதல்நாளிலேயே அத்தாள்களில் இருந்தவை. ஒன்றைக் கண்டதும் மேலே படியாமல் நிறுத்திவிட்டதால், மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னர் வெளிப்பட்டன. தொகை வந்தபோது ஆசிரியர் இறந்து நான்கு திங்கள் ஆகியிருந்தன. 'நான் ஒரு விதியையும் மீறவில்லை, தம்பி' என்றார். சிறிது நேரம் கழித்து மீண்டும், 'ஒரு விதியையும் மீறவில்லை' என்றார்.

உள்ளே எம் கோப்பைப் படித்த அலுவலர் மருத்துவமனைக் குறிப்பேட்டைப் புரட்டினார். சேர்க்கையின்போது நோயாளி நினைவுடன் தெளிவாகப் பேசினார் என்று மருத்துவர் அதில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். விண்ணப்பத்திலும் அதுவே எழுதப்பட்டிருப்பதைக் கண்டு தலையசைத்து, மேலே படித்தார். யான் சுவரோரம் நின்று வியர்த்தேன். என் அழகிய வரி அவ்விடத்துப் படிக்கப்பட்டிருப்பின் எந்தையாரின் முகம் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணுந்தோறும் இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

2025 மார்ச்சில் ஆணை வந்தது. அவசர நிலை ஏற்கப்பட்டது. தொகையோ அரசு வீதப்படி 1,35,000 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 1,11,000 ரூபாயும் நகைக்கடனின் வட்டியும் எம்மைச் சார்ந்தன. வீதத்திற்கும் செலவிற்கும் உள்ள இவ்விடைவெளி எம் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. 2017 பிப்பிரவரியில் மைய அரசு ஸ்டென்டின் விலைக்கு வரம்பு விதித்தது. மருந்து பூசாததற்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். ஆயின் அவ்விலைவரம்பு அக்கருவிக்கே உரியது. அறை வாடகையும் மருத்துவர் ஊதியமும் பிறவும் அதனுள் அடங்கா. ஆகவே நோயாளி கையில் வரும் பட்டியலுக்கும் கருவூலம் ஏற்கும் கணக்கிற்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்துகொண்டேயிருக்கின்றது. அப்பள்ளத்தை நிரப்புவது பெரும்பாலும் பெண்களின் நகை. அன்னையாரின் வளையல்கள் மீண்டன. சங்கிலி இன்னும் மீளவில்லை.

பணிக்குத் திரும்பிய எந்தையார் ஒரு வழக்கத்தை மேற்கொண்டார். தம் மேசைக்கு வரும் மருத்துவப் பட்டியல் எதுவாயினும் முதற்றாள் முதல் இறுதித்தாள் வரை ஒருமுறை முழுதும் படித்து, குறைகள் அனைத்தையும் எண்ணிட்டு, ஒரே கடிதத்தில் எழுதி அனுப்புகின்றார். விதி எதனையும் அவர் தளர்த்தவில்லை. பொய்ப் பட்டியலை இன்றும் திருப்பியனுப்புகின்றார். மும்முறை அலைய வேண்டியவர் ஒருமுறையோடு அமைகின்றனர், அவ்வளவே.

சென்ற தவக்காலத்து ஞாயிறொன்றில், ஆராதனை முடிந்தபின், அவர் என்னை உடன் அழைத்துக்கொண்டு அவ்வாசிரியரின் மனைவியாரைக் காணச் சென்றார். அம்மையார் எம்மை அமரச் செய்து தேநீர் கொடுத்தார். எந்தையார் தாம் இன்னாரென்று சொல்லி, தாம் செய்ததையும் மறைக்காமல் சொன்னார். அம்மையார் சிறிது நேரம் வாசலை நோக்கியிருந்துவிட்டுக் கூறினார்: 'பணம் முன்னமே வந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார், ஐயா. டாக்டரே கைவிட்டுவிட்டார். ஆனால் கடன் கொடுத்தவர்கள் வாசலில் நிற்பதைப் பார்க்காமல் போயிருப்பார்.' எந்தையார் தலைகவிழ்ந்திருந்தார். விடைபெறும்போது அம்மையார், 'பார்த்துப் போங்கள், நெஞ்சுவலி கண்ட உடம்பு' என்றார்.

நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கிச் சென்றவனையே போதகர்கள் புகழ்வர். அவனோடு இன்னொருவனும் அவ்வுவமையில் உளன் என்பதை யான் இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே கருதினேன். அவன் சத்திரக்காரன். இரண்டு தெனாரியம் கையில் வாங்கிக்கொண்டு, மேற்படும் செலவைத் திரும்பி வரும்போது தருவேன் என்ற அயலானின் வாய்ச்சொல்லை நம்பி, நோயாளியை உள்ளே ஏற்றவன் அவன். அரசின் கருவூலம் அங்ஙனம் வாய்ச்சொல்லை மட்டும் நம்பித் திறத்தல் இயலாது; அது பொதுமக்களின் பொருள். ஆயினும் கேட்பவன் பொய் சொல்லாதிருத்தலும், கொடுப்பவன் கேட்பவனைப் பொய்யனென்று தொடக்கத்திலேயே கருதாதிருத்தலும் இயலாதனவல்லவே. இவ்விரண்டனுள் முன்னதைக் காக்கத் தவறவிருந்தவன் யான். பின்னதைக் காக்கத் தவறியவர் என் தந்தை. தம் தவற்றை அவர் ஒரு வீட்டிற்குச் சென்று சொல்லிவந்தார். யான் என் தவற்றை இவ்வேட்டில் எழுதுகின்றேன்.

அப்பழைய படி என்னிடம் இன்னும் உளது. எழுத்து மிக அழகாகவே இருக்கின்றது.